நாற்பத்தாறும் பதினொன்றும்

எங்கள் மையத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். பெரியவர்கள் உளறியதைக்கூட உளறலாகத் தெரியாதபடி எழுதிக் கொடுப்பவன் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு. இந்த ஒன்றை மட்டும் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். இதற்கு யாருடைய ஒப்புதல் கையெழுத்தும் வேண்டியதில்லை.

மையத்தின் முழுப்பெயர் மண்டலக் குருதி உறைவு மதிப்பீட்டு மையம். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டியதும் இருக்கிறது. பெயர் நீளமாகப் போய்விட்டதால் பெயர்ப்பலகையின் கடைசி இரண்டு எழுத்துகள் சுவரின் மூலை திரும்பி அடுத்த தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்டோக்காரர்களிடம் 'ரத்த ஆபீஸ்' என்றால் போதும், இறக்கிவிடுவார்கள்.

உள்ளே நுழைந்தால் இடது பக்கம் உறைவுப் பிரிவு, வலது பக்கம் நிறப் பிரிவு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும் அல்லவா, அதற்கு உடம்பில் சில சரக்குகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு எட்டாம் காரணி என்று பெயர். சராசரி ஆளுக்கு நூறு என்று வைத்துக்கொண்டு, அது ஒருவர் ரத்தத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். இடது பக்கத்தார் பிளாஸ்மாவில் ஒரு மருந்தைக் கலந்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று எண்ணுவார்கள். வலது பக்கத்தார் அதே பிளாஸ்மாவில் வேறு மருந்தைக் கலந்து, எவ்வளவு மஞ்சளாகிறது என்று அளப்பார்கள். விடை நாற்பதுக்குக் கீழே என்றால் அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் எப்போது ரத்தக்கசிவு வந்தாலும் எங்கள் ஸ்டோரில் இலவசமாக ஊசி மருந்து வாங்கிக்கொள்ளலாம். நாற்பதுக்கு மேலே என்றால் 'நலம்' என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுவோம்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். அதனால் இரண்டு பிரிவும் ஒன்றை ஒன்று வெறுத்துக்கொண்டு பல வருடம் நிம்மதியாக இருந்தன. அந்த நிம்மதியைக் கெடுத்தது அழகுபாண்டியின் ரத்தம்.

அழகுபாண்டிக்கு இருபத்து மூன்று வயது. உசிலம்பட்டியில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவனுடைய அப்பா சோணை ஆடு வாங்கி விற்பவர், வெள்ளிக்கிழமை தவறாமல் திருமங்கலம் ஆட்டுச்சந்தையில் இருப்பார். மகனுக்குக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியதில் நாலு நாள் ரத்தம் நிற்கவில்லை. பல் டாக்டர் பயந்துபோய் எங்களிடம் அனுப்பிவைத்தார். சின்ன வயதிலிருந்தே லேசாக இடித்தாலும் முழங்கால் வீங்கிக்கொள்ளும் பிள்ளை, சோம்பேறித்தனத்துக்கு நடிக்கிறான் என்று தானும் நாலு தடவை அடித்திருப்பதாக, முதல் நாளே சோணை என்னிடம் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

முதலில் இடது பக்கத்து ஜன்னலில் முடிவு வந்தது. நாற்பத்தாறு. உறைவுப் பிரிவின் தலைவர் டாக்டர் செல்வக்குமார் தானே காகிதத்தைக் கொடுத்தார்.

"நாப்பத்தாறுன்னா பாஸாங்கய்யா?" என்று கேட்டார் சோணை.

"பாஸ்தான். உங்க பையனுக்கு ஒண்ணுமில்ல."

சோணை வாசலுக்கு ஓடி, எதிர்க்கடையில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிவந்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. நான் அதைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே வலது பக்கத்து ஜன்னலில் அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நிறப் பிரிவின் தலைவர் டாக்டர் பவதாரிணி காகிதத்தை நீட்டினார். பதினொன்று.

"உங்க மகனுக்கு ஹீமோபிலியா இருக்கு. ரத்தம் உறையறதுல கோளாறு. கட்டாயம் அட்டை போடணும்."

"அந்தப் பக்கம் ஒண்ணுமில்லன்னு சொன்னாகளேம்மா."

"அந்தப் பக்கம் என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. நாங்க அந்தப் பக்கம் போறதில்ல."

சோணை இரண்டு காகிதத்தையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். கூடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், மிட்டாய் வாங்கியவன்.

"சார், எனக்கு ஒரு மகன்தான் சார். ஒருத்தனத்தான் கூட்டியாந்தேன்."

அது எனக்கும் தெரியும் என்றேன்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் எங்கள் இயக்குநர். அவர் நடுநிலைக்குப் பெயர் போனவர். கேன்டீனில் இட்லியா தோசையா என்று கேட்டால்கூட இரண்டு தரப்பையும் கேட்காமல் சொல்ல மாட்டார். முதல் கூட்டத்தில் சோணையையும் உள்ளே கூப்பிட்டு, சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பொதுமக்கள் பங்கேற்பு என்று ஒரு தலைப்பின் கீழ் நான் அதை எழுத வேண்டியிருந்தது.

சோணை எழுந்து ஒரு யோசனை சொன்னார். "சந்தையில ரெண்டு பேரு ஒரே ஆட்டத் தூக்கிப் பாத்துட்டு, ஒருத்தன் பத்து கிலோங்குறான், இன்னொருத்தன் பதினாலுங்குறான்னு வைங்க. ரெண்டுக்கும் நடுவுல பன்னெண்டுன்னு முடிச்சுக்கிருவம். இதையும் அப்படி முடிச்சுவிடுங்கய்யா."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தாறும் பதினொன்றும் ஐம்பத்தேழு. பாதி இருபத்தெட்டரை. நாற்பதுக்குக் கீழேதான். அட்டை கிடைத்துவிடும்.

இயக்குநர் சிரித்தார். "நல்ல யோசனை. ஆனா விதிப்படி, ரெண்டு முறையும் ஒத்துப்போனாத்தான் சராசரி எடுக்கலாம். ஒத்துப்போகலைன்னா சராசரி எடுக்கக்கூடாது."

"ஒத்துப்போயிருச்சுன்னா சராசரி எதுக்குங்கய்யா?"

இந்தக் கேள்வியை நான் குறிப்பில் எழுதவில்லை. 'பயனாளி விளக்கம் கோரினார், வழங்கப்பட்டது' என்று எழுதினேன்.

அடுத்து டாக்டர் செல்வக்குமார் பேசினார். தன் முறைக்கு எழுபது வருடப் பாரம்பரியம் இருக்கிறது, ரத்தம் உறைவதைக் கண்ணால் பார்க்கிற முறை இது ஒன்றுதான், மஞ்சள் நிறத்தைப் பார்க்க வேண்டுமானால் மஞ்சள் தூள் வாங்கிப் பார்க்கலாமே என்றார். டாக்டர் பவதாரிணி எழுந்து, சில பேருடைய எட்டாம் காரணி நொடியை எண்ணும்போது நல்லபிள்ளையாக நடித்துவிடும், நிறத்தில்தான் அதன் சாயம் வெளுக்கும், இது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம் என்றார். அவர் சொன்னது சரிதான் என்று பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அதோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். இந்த உண்மையை ஏற்பதற்கு அடையாளமாகத் தன் பிரிவுக்கு இடது பக்கத்து அறைகளையும் ஒதுக்கித் தர வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு ரத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடைசியில் இயக்குநர் முடித்துவைத்தார். "ஒரு நோயாளிக்காக ஒரு முறையத் தப்புன்னு சொல்லிட முடியாது. நோயாளி இன்னைக்கு வருவார், நாளைக்குப் போவார். முறை இங்கயே இருக்கப்போகுது. நாற்பது பேரோட ரத்தத்தை ரெண்டு முறையிலயும் பாத்து, முறையா ஒரு ஒப்பீட்டு ஆய்வு செய்வோம்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். சோணையும் தட்டினார். மேசை எட்டாததால் நாற்காலியின் கையைத் தட்டினார்.

நாற்பது பேருக்கு எங்கே போவது? நோயாளிகளை வரவழைத்தால் போக்குவரத்துப்படி கொடுக்க வேண்டும். ஆகவே மைய ஊழியர்களே கொடுப்பதென்று முடிவாயிற்று. டிரைவர்கள், கேன்டீன் மாஸ்டர், தோட்டக்காரர், கணக்குப் பிரிவில் அத்தனை பேர், நான். ஆளுக்கு ஒரு மாம்பழ ஜூஸ், நாலு பிஸ்கட், 'ஒப்பிடுவோம் உயர்வோம்' என்று அச்சடித்த ஒரு காபிக் கோப்பை. எங்கள் யாருக்கும் ஒரு நோயும் இல்லை. எனக்கு இடது பக்கம் நூற்று நாலு, வலது பக்கம் நூற்று இரண்டு. கேன்டீன் மாஸ்டருக்கு இரண்டு பக்கமும் தொண்ணூற்றெட்டு. ஆரோக்கியமான முப்பத்தொன்பது பேரிடம் இரண்டு முறையும் அண்ணன் தம்பிபோல ஒத்துப்போயின. உடம்பு சரியில்லாத ஒரே ஆள் அழகுபாண்டி. மாதிரி எண் பதினேழு.

அவனிடம் மட்டும் ஐந்து தடவை ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பிரிவு மற்றதன் முடிவை மறுக்கும். முதல் மறுப்பு, குழாயை முதலில் இடது பக்கம் கொடுத்ததால் வலது பக்கத்துக்குப் போகும்போது ரத்தம் பழசாகிவிட்டது என்பது. சரியென்று இரண்டு குழாயில் எடுத்தார்கள். முதல் குழாயில் எடுத்தது யாருக்கு என்று சண்டை வந்தது. இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஊசி குத்துவது என்று தீர்மானம் போட்டார்கள். குத்தினார்கள். பிறகு இரண்டு குழாயும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, இரண்டு உதவியாளர்கள் ஒரே உயரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு, கூடத்தின் நடுவிலிருந்து இடமும் வலமும் அடி மாறாமல் நடந்தார்கள். இயக்குநர் விசில் ஊதினார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம். நான் சிரித்தேன், மறைப்பதற்கில்லை.

முடிவு மாறவே இல்லை. நாற்பத்தாறு, பதினொன்று. நாற்பத்தைந்து, பதினொன்று. நாற்பத்தேழு, பத்து.

ஒவ்வொரு தடவை ரத்தம் எடுத்த பிறகும் அப்பாவும் மகனும் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து சோணை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பார். இரண்டு கையிலும் குத்திய அன்று அவருடைய இரண்டு கட்டைவிரலும் வேலையில் இருந்தன. எங்களுக்கெல்லாம் இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்ட ரத்தம் அவனுக்கு அரைமணி நேரம் ஆகியும் பஞ்சில் ஊறும். மறுநாள் முழங்கை மடிப்பே கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருக்கும் என்று அவனே சொன்னான்.

"ஒர்க்‌ஷாப்ல சட்டைக்கையை மடிக்கவே முடியல சார். போதை ஊசி போடுற பயன்னு நெனைக்கிறாய்ங்க" என்று சிரித்தான். என் ஸ்கூட்டர் சத்தம் போடுகிறது என்று அதற்கு முந்தின தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அன்று பெஞ்சில் கையை அழுத்திப் பிடித்தபடியே அதை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஜன்னல் வழியாகக் காது கொடுத்துக் கேட்டு, "செயின் லூசு சார், வேற ஒண்ணுமில்ல" என்றான். அவன் சொன்னது சரியாக இருந்தது. ஒரு மிஷின், ஒரு காது, ஒரே தடவை.

கூடத்தைக் கூட்டித் துடைக்கும் ராமக்காள் ஒருநாள் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். "ஏன் சாரு, இந்தப் பையனுக்கு ரத்தம் நிக்கலங்குறது இந்தா பெஞ்சியிலயே தெரியுதுல்ல. அதுக்கு எதுக்கு அம்புட்டு மிசினு?"

நான் இதை இயக்குநரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "கவனிக்க வேண்டிய கருத்து. ஆனா பெஞ்ச் ஒரு அங்கீகரிக்கப்பட்ட முறை இல்லையே" என்றார்.

இப்படி நாலு மாதம் போனது. அந்த நாலு மாதமும் சோணை ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. பெரிய படிப்பு படித்தவர்கள் இத்தனை பேர் தன் மகனுடைய ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. அதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும். யார்மேல் எரிச்சல் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆய்வின் இறுதிக் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. பதினொன்றேகாலுக்கு சோணை செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

அன்று காலை ஒர்க்‌ஷாப்பில், குனிந்து வேலை பார்த்துவிட்டு நிமிரும்போது அழகுபாண்டியின் தலை ஒரு இரும்புச் சட்டத்தில் இடித்திருக்கிறது. சின்ன இடிதான். தேய்த்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கிறது என்றிருக்கிறான், வாந்தி எடுத்திருக்கிறான். முதலாளி காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். தலைக்குள் ரத்தம் கசிகிறது என்று ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. அங்கே அந்த ஊசி மருந்து இல்லை. பிளாஸ்மா ஏற்றிக்கொண்டிருக்கிறோம், அது போதாது, எட்டாம் காரணி ஆறு குப்பி உடனே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

சத்தம் கேட்டுக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்த நான் அவரை ஸ்டோருக்குக் கூட்டிப்போனேன், அங்கே பொறுப்பாளர் முத்துமீனா இருந்தார். குளிர்பெட்டியில் நூற்றுக்கு மேல் குப்பிகள் இருந்தன. கண்ணாடி வழியாக எங்கள் மூன்று பேருக்கும் அவை தெரிந்தன.

"அட்டை இல்லையேண்ணே" என்றார் முத்துமீனா. பிறகு என்னைப் பார்த்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது. "சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எடுத்துக் குடுத்துர்றேன். பின்னால என்ன வந்தாலும் ரெண்டு பேருமா பாத்துக்குவோம்."

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "உள்ள கூட்டம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, ரெண்டே நிமிஷத்துல கேட்டுட்டு வந்துர்றேன்" என்றேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம் என் வாயால் பேசியது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. டாக்டர் பவதாரிணி "அய்யோ" என்று எழுந்தே விட்டார். "உடனே குடுங்க" என்றார். டாக்டர் செல்வக்குமாரும் கொடுக்கலாம் என்றுதான் சொன்னார். இயக்குநரும் தலையாட்டினார். பதினொன்று இருபதுக்கு, மருந்தைக் கொடுப்பது என்று மூன்று பேரும் ஒருமனதாக இருந்தார்கள். இது குறிப்பிலும் இருக்கிறது.

"என்ன அடிப்படையில குடுக்கிறோம்னு ஒரு வரி எழுதிக்குங்க" என்றார் இயக்குநர்.

"நிற முறையின் முடிவை ஏற்று வழங்கப்படுகிறது" என்றார் டாக்டர் பவதாரிணி.

"அதெப்படி? ஆய்வு முடிவு வர்றதுக்கு முன்னாடியே நீங்க ஜெயிச்சதா எழுதிக்குவீங்களா? உறைவு முறையின் முடிவுக்குக் குந்தகம் இல்லாமல்னு போடுங்க."

"உங்க முடிவுப்படி அவனுக்கு நோயே இல்ல. நோயில்லாதவனுக்கு எதுக்கு மருந்து குடுக்குறீங்க?"

"மனிதாபிமானத்துல குடுக்கறேன்."

"அப்ப உங்க முறை தப்புன்னு ஒத்துக்கறீங்க."

"சார், இதைக் குறிப்புல ஏத்தாதீங்க."

"ஏத்துங்க சார்."

ஏற்றினேன். இயக்குநர் கையை உயர்த்தினார். "ரெண்டு முறையையும் சமமாகக் கருத்தில் கொண்டு" என்று போடலாம் என்றார். சமமாக என்றால் பதினொன்றும் நாற்பத்தாறும் சமமா என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். நாலு மாதத்தில் அவர்கள் சேர்ந்து கேட்ட ஒரே கேள்வி அது. கருணை அடிப்படையில் என்று போடலாமே என்று நான் வாயைத் திறந்தேன். விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். நூற்றுப் பத்துப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, கருணைக்கு நம் விதிகளில் இடமில்லை என்றார் இயக்குநர், உண்மையான வருத்தத்தோடு.

பன்னிரண்டரைக்கு ஒருதடவை வெளியே எட்டிப் பார்த்தேன். சோணை கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கேன்டீனிலிருந்து வந்த சாப்பாட்டுப் பொட்டலங்கள் அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் ஆறிக்கொண்டிருந்தன.

"ஆச்சுங்களா சார்?"

"குடுக்கறதுன்னு முடிவாயிருச்சுண்ணே. எழுதிக்கிட்டு இருக்காங்க."

"அப்பச் சரி சார்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

முத்துமீனா ஸ்டோர் வாசலில் சாவியோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

ஒன்று ஐம்பதுக்கு டாக்டர் செல்வக்குமாருக்கு ஒரு வழி தோன்றியது. மருந்தைச் சிகிச்சைக்கென்று கொடுத்தால்தானே நோய் உண்டா இல்லையா என்ற கேள்வி வரும்? மற்ற மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்காகக் குப்பிகள் கொடுக்க விதி இருக்கிறது. 'பயிற்சி நோக்கத்திற்காக ஆறு குப்பிகள் தற்காலிகமாக வழங்கப்படுகின்றன' என்று எழுதினால் எந்த முறைக்கும் பங்கமில்லை. டாக்டர் பவதாரிணி ஒப்புக்கொண்டார். இயக்குநர் மிகவும் மகிழ்ந்து, இதுதான் நடுநிலை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மணி இரண்டு ஐந்து.

முத்துமீனா ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியை ஆட்டோவரைக்கும் தானே தூக்கிக்கொண்டு ஓடினார். கூடவே ஒரு படிவமும் போனது. பயிற்சி முடிந்ததும் குப்பிகளைக் குளிர்நிலை கெடாமல் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று அதில் அச்சடித்திருக்கும். அதைக் கிழித்துப் போட யாருக்கும் தோன்றவில்லை.

சோணை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டே முக்கால். டாக்டர் பெட்டியைக் கையில் வாங்கினார், திறக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு சோணையின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். இரண்டு மணிக்கே போய்விட்டிருந்தான்.

நான் உசிலம்பட்டிக்குப் போகவில்லை. போகத் தைரியமில்லை. முத்துமீனா மட்டும் லீவு போட்டுவிட்டுப் போய்வந்தார். அவர் இப்போதும் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை.

மூன்று வாரம் கழித்து ஆய்வு முடிவு வெளியீட்டு விழா நடந்தது. வாசலில் வாழைமரம் கட்டினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். இயக்குநர் திரையில் ஒரு படம் காட்டினார். ஒரு சாய்ந்த கோடு, அதை ஒட்டி முப்பத்தொன்பது புள்ளிகள். அதில் நான் எங்கேயோ இருந்தேன், கேன்டீன் மாஸ்டரும் இருந்தார்.

"இரண்டு முறைகளும் ஏறக்குறைய முழுமையாக ஒத்துப்போகின்றன என்பது இந்த ஆய்வில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது" என்றார். "கோட்டிலிருந்து வெகுதூரம் விலகியிருந்த ஒரே ஒரு மாதிரி, புள்ளியியல் நிபுணரின் ஆலோசனைப்படி நீக்கப்பட்டது. உறைவுப் பிரிவுக்கும் நிறப் பிரிவுக்கும் இருந்த கருத்து வேறுபாடு இன்றோடு தீர்ந்தது."

டாக்டர் செல்வக்குமார் டாக்டர் பவதாரிணிக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் திருப்பிப் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் நான் கைதட்டுவதை நிறுத்தினேன். மொட்டைத்தலை, மடியில் தெர்மாகோல் பெட்டி. சோணை.

விழா முடிந்து அவர் என்னைத் தேடி வந்தார். பெட்டிக்குள் புது ஐஸ் போட்டிருந்தது. ஆறு குப்பியும் மூடி திறக்காமல் இருந்தன.

"ஊர்ல பால் சொசைட்டி பிரிட்ஜில வச்சிருந்தேன் சார். குளுரு கெடாமக் குடுக்கணும்னு போட்டிருக்குன்னு படிச்சுச் சொன்னாக. கருமாதி முடிஞ்சதும் கொண்டாந்திரணும்னுதான் இருந்தேன், நாலு நாள் தள்ளிப்போச்சு. வேற யாரு பெத்த பிள்ளைக்காச்சும் ஆகட்டும்."

வாங்கிக்கொண்டேன். கை சில்லிட்டுப் போனது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.

"வேணாம் சார். அன்னைக்கு டாக்டருக சாப்புடக்கூட எந்திரிக்காம மூணு மணி நேரம் அவனுக்காகப் பேசுனாகளே. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லாமப் போனா நல்லாருக்காதுன்னுதான் வந்தேன். அவுக எல்லாம் சந்தோசமா இருக்காக, இப்பப் போயி நான் நிக்கக்கூடாது. நீங்க சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன்.

அவர் போகவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"வீட்டுல அன்னக்கொடி ஒண்ணு கேக்கச் சொன்னா சார். சோறு எறங்க மாட்டேங்குது அவளுக்கு. அம்புட்டு நேரம் நம்ம பிள்ளையப் பத்தி உள்ள என்னதான் பேசுனாக, கேட்டுட்டு வாங்கன்னா. நீங்கதான் பக்கத்துல இருந்து எழுதுனீங்களாம்ல. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அவகிட்டப் போயிச் சொல்லணும்."

குறிப்புப் புத்தகம் என் கக்கத்தில்தான் இருந்தது. விழாவுக்காக எடுத்து வந்திருந்தேன். திறந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பன்னிரண்டு பக்கம். என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள். சோணை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைப்போலக் குனிந்து பார்த்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்துத் தேடிக்கொண்டே வந்தேன். மாதிரி என்று இருந்தது. பயனாளி என்று இருந்தது. முறை என்று எண்பது தொண்ணூறு இடத்தில் இருந்தது. பன்னிரண்டு பக்கத்தில் அழகுபாண்டி என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. எழுதியவன் நான்தான்.

புத்தகத்தை மூடினேன்.

"நல்ல பையன்னு பேசிக்கிட்டாங்கண்ணே" என்றேன்.

சோணை மூடிய புத்தகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆமா சார்" என்றார். "நல்ல பயதான்."